மறுமொழி: பட்டடைக் குழியில் நிற்கும் கருவிக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையில் (anvil) ஒரு சதுரக் குழி இருக்கும். அந்தக் குழியில் அடிக்கட்டையை, அதாவது கீழ்த்தண்டை, விட்டு நிறுத்தும் கருவியை ஆங்கிலத்தில் ஹார்டி டூல் (hardy tool) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு இது என் மறுமொழி.

> ஹார்டி டூல் என்பதற்குக் ‘கடினக் கருவி’ என்று வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

அய்யா, சுருக்கம் சரிதான், பொருள் தவறிப்போகிறது. இந்தக் கருவிகளில் பலவும் கடினமாக இருக்க வேண்டியதே இல்லை. கம்பி வளைக்கும் கவையைச் சாதா இரும்பில் அடித்து, தோய்ச்சலே (காய்ச்சிச் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்குவது) போடாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன். சிவக்கக் காய்ந்த இரும்போடுதானே அதற்கு வேலை. வெட்டும் உளிக்கு மட்டும் தோய்ச்சல் போடுவோம். அதையும் மறுபடி சூடு காட்டி, நீலம் ஓடும்வரை கடினத்தை இறக்கிவிடுவோம். சுத்தியல் தவறி உளிவாயில் விழுந்தால் வாய் மழுங்கினால் போதும், சில்லு தெறித்துக் கண்ணில் படக் கூடாது.

‘பட்டடைக் கருவி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அப்படிப் பார்த்தால் சம்மட்டியும் குறடும்கூடப் பட்டடைக் கருவிதான்.

அடைகல், உலைக்கல், பட்டடை என்று இரும்படிக்கும் கல்லுக்கு நம்மிடம் பெயர் நிறைய உண்டு. புறநானூறு 170இல் கொல்லனின் கூடம் (சம்மட்டி) வந்து மோதுவது உலைக்கல்லில். குறள் 821இல் வருவது பட்டடை. குழிக்குத்தான் பெயரைக் காணோம். காரணம் எளிது: நம்மூர்க் கொல்லர் கல் பெரும்பாலும் மரக்கட்டையில் இறக்கிய கட்டி இரும்பு, அதில் சதுரக்குழி கிடையாது. கொம்பு வைத்த சீமைப் பட்டடையில்தான் அந்தக் குழி இருக்கிறது. கொழுவும் அரிவாளும் அடிக்க அது தேவைப்படவில்லை. வாசல் கேட்டுக்குச் சுருளும் இலையும் கொடியும் அடிக்க இறங்கினால், அது இல்லாமல் கை ஓடாது. ஒரு கையில் குறடு, மறு கையில் சுத்தியல். கீழே உளியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமல்லவா?

> மாடு கட்டுகிற மொளக்குச்சி இருக்கே தம்பி. அடிக்கட்டைக்கு ‘முளை’னு வச்சா நம்ம சனத்துக்குச் சட்டுனு புரியும்.

அண்ணா, எனக்கும் முதலில் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் முளை என்றால் அறைவது. அறைய அறைய இறுகும். பட்டடைக் குழியில் செய்யவே கூடாத காரியம் அதுதான். நான் முதன்முதலில் செய்த வெட்டுளியின் அடிக்கட்டையை ஆப்பு மாதிரி சரித்து அடித்துவிட்டேன். ஆடாமல் நிற்கட்டும் என்று சம்மட்டியால் இறக்கினேன். நாலாம் நாள் குழியின் மூலையிலிருந்து விரிசல் ஓடியது. வார்ப்பிரும்புப் பட்டடை, ஒட்டவைக்க வழியில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பெயரே ‘அறை’ என்று சொல்லிக்கொடுத்தால் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் அதையேதான் செய்வார்கள்.

இப்போது செய்யும் முறை வேறு. சங்ககிரிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் லாரி ஆக்ஸில் துண்டு கிடைக்கும். மஞ்சள் ஏறக் காய்ச்சி, பட்டடை விளிம்பில் பாதி அடியாக (சுத்தியல் முகத்தில் பாதி மட்டும் பட்டடைமேல் விழும்படி) அடித்து அடிக்கட்டையைச் சதுரமாக இழுக்கிறேன். என் குழி 25 மில்லிமீட்டர், அடிக்கட்டை 24. மறுபடி காய்ச்சிக் குழியில் விட்டு மேலே நாலு அடி. அகலமான மேல்பாகம் பட்டடை முகத்தில் படிந்து உட்கார்ந்துவிடும். உடனே கீழிருந்து தட்டி எடுத்து, கால் சுற்று திருப்பி, இன்னொரு முறை. சூட்டோடு அங்கேயே விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் அடிக்கட்டை பருத்துச் சிக்கிக்கொள்ளும். பாரம் முழுவதையும் மேல்பாகம்தான் தாங்குகிறது. அடிக்கட்டையின் வேலை, கருவி நகராமலும் திரும்பாமலும் பார்த்துக்கொள்வது மட்டும்.

இந்த அமைப்பை எங்கே பார்த்திருக்கிறோம்? எங்கள் தொட்டிக்கட்டு வீட்டின் பழைய கதவுக்குக் கீல் இல்லை. கதவு மரத்திலேயே செதுக்கிய குடுமி, வாசப்படிக் கல்லின் குழியில் நிற்கும். யாரும் அதை அறைந்து இறக்குவதில்லை. கிறீச்சிட்டால் கதவைத் தூக்கி விளக்கெண்ணெய் விட்டுத் திரும்ப வைப்பார்கள். அதனால் அடிக்கட்டைக்குக் ‘குடுமி’, குழிக்குக் ‘குடுமிக்குழி’, கருவிக்குக் ‘குடுமிக் கருவி’ என்று முன்வைக்கிறேன். வகைப்பெயர்களும் இயல்பாக விழுகின்றன: வெட்டுவது குடுமியுளி, வளைப்பது குடுமிக்கவை, உருவம் பதிப்பது குடுமியச்சு.

கதவுக் குடுமி உருண்டை, சுழலும்; இது சுழலக் கூடாதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாடப்புத்தகத்தில் வரையறை எழுதும்போது ‘சதுரக் குடுமி’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். தச்சு வேலையில் வரும் கதவுக் குடுமியோடும் சொல் கலங்காது.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. இலை நடுவே நரம்பு இறக்கவும், கம்பியின் கழுத்தை ஒடுக்கவும் உருண்ட முதுகுள்ள கருவி ஒன்று வைக்கிறோம். அதைப் ‘பள்ளம் போடுகிறது’ என்றே பட்டறையில் சொல்லி ஓட்டுகிறோம். காங்கேயம், தாராபுரம் பக்கம் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடித்த பெரியவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் வாயில் அதற்கு என்ன சொல் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். நானாக ஒன்று கட்டுவதைவிட அதை எடுத்துக்கொள்ளவே விரும்புகிறேன்.

அன்புடன்,
சென்னிமலையிலிருந்து