இரண்டு வான் இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங்: மாஸ்கரேட் போட்டால் சரியாகிவிடுமா?

வாயிற்காவலன்:
ஒரே ஃபயர்வால்ல ரெண்டு இன்டர்நெட் இணைப்பு: வான்-1, வான்-2 (வான்னா வெளிப் பக்கம், லேன்னா உள் பக்கம்). வெளியே இருந்து ஒரு போர்ட்டுக்கு வர்றதை உள்ளே இருக்கற சர்வருக்கு அனுப்பறதுதான் போர்ட் ஃபார்வர்ட். "வான்-2 பக்கம் போர்ட் ஃபார்வர்ட் வேலை செய்யலையா? லேன் பக்கம் ஒரு மாஸ்கரேட் ரூல் போடுங்க, முடிஞ்சது" என்று ஈத்தர்பித்தன் இன்னொரு திரியில எழுதியிருக்கார். முழுத் தப்பு. மாஸ்கரேட்னா பாக்கெட்டோட அனுப்புநர் முகவரியை ஃபயர்வாலோட முகவரியா மாத்தறது. பாக்கெட் உள்ளே ஒழுங்காத்தான் வருது. சிக்கல் பதில் வெளியே போறதுல. சர்வரோட சின்-ஆக் (இணைப்பு கேட்கற சின் பாக்கெட்டுக்குப் பதில்) ஃபயர்வாலுக்கு வந்ததும் டீஃபால்ட் ரூட்டை (தனி வழி சொல்லாதப்போ போற வழி) பார்த்து வான்-1 வழியா போயிடுது. சோர்ஸ் (அனுப்புநர்) முகவரியோ வான்-2வோடது. வான்-1 ஐஎஸ்பி (இணைப்பு தர்ற கம்பெனி) சோர்ஸ் ஃபில்டர் (தன்னோடது இல்லாத சோர்ஸ் முகவரியைத் தடுக்கறது) வச்சிருந்தா அங்கேயே காலி.

ஈத்தர்பித்தன்:
மாஸ்கரேட் போட்டு ஓடுற செட்டப் எத்தனையோ இருக்கு. தியரி வேண்டாம் சார்.

வாயிற்காவலன்:
சர்வரோட டீஃபால்ட் கேட்வே வேற ரூட்டரா இருந்தா ஓடும். இங்கே அது இல்லையே! லினக்ஸ்ல ரூட்டிங் முடிவுக்கு முன்னாடியே கான்டிராக் (இணைப்புகளைக் கணக்கு வைக்கற பகுதி) மாஸ்கரேட்டைக் கழட்டிடும். டெஸ்டினேஷன் பழையபடி வெளி முகவரி, வழி பழையபடி வான்-1. போதாததுக்கு சர்வர் லாக்ல எல்லாருமே ஃபயர்வால் ஐபியாத் தெரிவாங்க. ஃபெயில்2பேன் (தப்பா லாகின் பண்ற ஐபியைத் தடுக்கற புரோகிராம்) ஓடினா ஃபயர்வாலையே தடை பண்ணிடும்.

பாக்கெட்பாண்டி:
சண்டை இருக்கட்டும் அண்ணே, மைக்ரோடிக் ரூட்டர்ல என்ன பண்ணணும்?

வாயிற்காவலன்:
மேங்கிள் (பாக்கெட்டுக்கு அடையாளம் போடற இடம்), ப்ரீரூட்டிங் (வழி முடிவாகறதுக்கு முன்னாடி): இன்-இன்டர்ஃபேஸ் வான்-2, ஸ்டேட் நியூ, மார்க்-கனெக்‌ஷன். அடுத்த ரூல்: இன்-இன்டர்ஃபேஸ் லேன், அதே கனெக்‌ஷன்-மார்க், மார்க்-ரூட்டிங். வான்-2ல வந்ததுக்குப் பதில் வான்-2லயே போகத்தான் இது. ரூட்டர்ஓஎஸ் (மைக்ரோடிக்கோட சிஸ்டம்) 7ன்னா ரூட்டிங் டேபிளை எஃப்ஐபி டிக்கோட முதல்ல உருவாக்குங்க; அதுல 0.0.0.0/0க்கு (எல்லா முகவரிக்கும்) வான்-2 கேட்வே. பலரும் விழுற பள்ளம் ஃபாஸ்ட்டிராக், பாக்கெட்டை வேகமாக் கடத்தற குறுக்குவழி. அது மேங்கிளைத் தாண்டிப் போயிடும். கனெக்‌ஷன் ஏற்படும், கொஞ்ச நேரத்துல உறைஞ்சு நிக்கும். ஃபாஸ்ட்டிராக் ரூல்ல கனெக்‌ஷன்-மார்க் நோ-மார்க்னு போடுங்க. மாஸ்கரேட் இதுல எதையும் தீர்க்காது.

தீச்சுவர்:
இதுக்குத்தான் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் வாங்கச் சொல்றது. ரிப்ளை-டூ (வந்த வழியிலேயே பதிலை அனுப்பற வசதி) தானா வரும், மார்க்கும் வேண்டாம் மண்ணும் வேண்டாம்.

வாயிற்காவலன்:
எல்லா இடத்திலும் தானா வராது. இன்டர்ஃபேஸ் பக்கத்துல கேட்வே தேர்ந்தெடுக்கலைன்னா வராது. ரூலை இன்டர்ஃபேஸ் குரூப் டேப்ல வச்சா வராது. நாட் (முகவரி மாத்தற) ரூல்ல ஃபில்டர் அசோசியேஷனை 'பாஸ்'னு விட்டா மல்டி-வான்ல வேலை செய்யாது. வான்-2 டேப்லயே தனி ரூல் இருக்கணும்.

தீச்சுவர்:
குரூப் டேப்ல யார் வைக்கச் சொன்னது? மைக்ரோடிக் ஆட்களுக்கு ஜியூஐ (கிளிக் பண்ற திரை) பார்த்தாலே எரிச்சல். போன தடவையும் இதே கதைதான்.

வாயிற்காவலன்:
போன தடவை 'கேட்வே குரூப் இருந்தா உள்வரும் ஃபெயில்ஓவர் (ஒண்ணு செத்தா இன்னொண்ணுக்கு மாறுறது) தானா நடக்கும்'னு சொன்னது நீங்கதான். கேட்வே குரூப் (ரெண்டு வானையும் சேர்த்து வைக்கற பட்டியல்) வெளியே போற டிராஃபிக்குக்கு. உள்ளே வர்றதுக்கு ரெண்டு வான்லயும் தனித்தனி ஃபார்வர்ட் ரூல் வேணும், டிஎன்எஸ் (பெயரை ஐபியா மாத்தற) பதிவும் மாறணும், டிடிஎல் (அந்தப் பதிவை மத்தவங்க நினைவுல வச்சிருக்கற நேரம்) 60 வினாடி அளவுல இருக்கணும்.

பாக்கெட்பாண்டி:
என் வான்-2 முகவரி 100.72ல ஆரம்பிக்குது. பரவாயில்லையா?

தீச்சுவர்:
அது 100.64.0.0/10க்குள்ள வருது, சிஜிநாட், அதாவது ஐஎஸ்பி ஒரே பப்ளிக் ஐபியைப் பலருக்குப் பங்கு போடறது. ஐஎஸ்பி பப்ளிக் ஐபி தராத வரைக்கும் எந்த ரூலும் பலிக்காது. இதை முதல்ல கேட்காம மேங்கிள் பாடம் நடத்தியிருக்கார் ஒருத்தர்.

வாயிற்காவலன்:
கேள்வி மைக்ரோடிக் பத்தி, பதிலும் அதைப் பத்தி. பாண்டி, எந்த போர்ட்டைத் திறக்கறீங்க?

பாக்கெட்பாண்டி:
3389.

வாயிற்காவலன்:
ரிமோட் டெஸ்க்டாப்பை வெளியே திறக்கவே கூடாது. விபிஎன் போடுங்க.

ஈத்தர்பித்தன்:
போர்ட் நம்பரை மாத்தினா போதும். மாஸ்கரேட் விஷயத்துலயும் நான் சொன்னதுதான் சரி.

வாயிற்காவலன்:
நம்பரை மாத்தினாலும் ஸ்கேனர் கண்டுபிடிச்சிடும். மாஸ்கரேட் போட்டுட்டு, மொபைல் டேட்டாவுல இருந்து கனெக்ட் பண்ணி, வான்-1லயும் வான்-2லயும் ஒரே நேரத்துல டிசிபிடம்ப் (பாக்கெட்டைப் பார்க்கற கருவி) ஓட்டுங்க. சின் வான்-2ல தெரியும், சின்-ஆக் வான்-1ல தெரியும். அந்த அவுட்புட்டை இங்கே ஒட்டுங்க.

ஈத்தர்பித்தன்:
ஓடுற சிஸ்டத்துக்கு எதுக்கு சார் டம்ப்?

வாயிற்காவலன்:
ஒட்டுங்க. அப்புறம் பேசலாம்.