சுண்ணாம்பு ஓவியமா, வெயில்ல எடுக்கற நீல போட்டோவா? ஒரு லீவுதான் இருக்கு

நிஷிகசாய்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க டோக்கியோ நிஷி கசாய்ல இருக்கோம், பொண்ணுக்கு 9 வயசு. ஆகஸ்ட் ஓபோன் (இங்க முன்னோரை நினைச்சு கும்பிடற பண்டிகை) லீவுல இந்த வாட்டி கையால ஏதாவது செஞ்சு பார்க்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. ரெண்டு ஒர்க்‌ஷாப் பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு கோதே-ஏ, சுவர் பூசுற கரண்டியை வெச்சே சுண்ணாம்புல புடைப்பா படம் பண்றது. இன்னொண்ணு சயனோடைப், கேமராவே வேண்டாம், மருந்து தடவின பேப்பர் மேல இலை, பூ வெச்சு வெயில்ல காட்டினா நீலமா பதியுமாம். 9 வயசுக்கு எது ஒத்து வரும், கைக்கு ஏதும் ஆகுமா?

அப்புறம் மனசுல ஒண்ணு இருக்கு. எங்க அம்மா வீடு காரைக்குடி பக்கம், பழைய சுண்ணாம்பு சுவர், இன்னிக்கும் கையை வெச்சா ஜில்லுனு பளிங்கு மாதிரி இருக்கும். அதனால ஒரு சின்ன சுண்ணாம்புப் பலகை பண்ணி அது மேலயே இந்த நீல போட்டோவை பதிச்சு அம்மாவுக்கு கொண்டு போய் குடுக்கணும்னு ஆசை. அப்படி பண்ண முடியுமா? செஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

இசு_பஸ்:
சிஸ்டர், நான் போன வருஷம் கோதே-ஏ பண்ணேன், இசு தீபகற்பத்துல மட்சுசாகிங்கற ஊர்ல. போறதா இருந்தா அந்த ஊருக்கே போங்க. இரியே சோஹாச்சின்னு 1815ல அங்க பொறந்தவர், தொழில்ல சுவர் பூசுற கொத்தனார், எடோவுக்கு (இப்போ டோக்கியோ) போய் ஓவியமும் கத்துக்கிட்டு, ரெண்டையும் ஒண்ணாக்கி சுண்ணாம்புல வரைஞ்சவர். அவருக்குன்னே அங்க 1984ல மியூசியம் கட்டியிருக்காங்க, பூதக்கண்ணாடி வெச்சு பார்க்கணும், அவ்ளோ நுணுக்கம். பக்கத்துலயே இவாஷினா பள்ளிக்கூடம், 1880ல கட்டினது, அங்க ஒரு ரூம்ல சுவர் மேல்பக்கம் சுத்தி அவர் பண்ண கொக்குங்க பறக்கும், 138 கொக்கு. நான் கழுத்து வலிக்க வலிக்க நின்னு பார்த்தேன். ஊருக்குள்ள ரயில் கிடையாது, ஷிமோதா வரைக்கும் ரயில், அங்கேர்ந்து பஸ்.

ஒர்க்‌ஷாப் பத்தி சொல்றேன். வில்லோ இலை மாதிரி ஒல்லியா ஒரு குட்டி கரண்டி குடுப்பாங்க, பென்சில் தடிமன் கூட இருக்காது. நான் ஒரு மீன் பண்ணேன். சுண்ணாம்பை வெச்ச உடனே செதில் கீற ஆரம்பிச்சேன், கரண்டியோட சேர்ந்து மொத்தமா கூடவே வந்துடுச்சு. சொல்லிக் குடுத்த தாத்தா என் கையை புடிச்சு நிறுத்திட்டு விரல் நுனியால மேல லேசா தொட்டு காட்டினார், ஒட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப தொட்டார், ஒட்டல, ஆனா ரேகை மட்டும் பதிஞ்சது, அப்போதான் "இப்போ கீறு"ன்னார். தண்ணி உள்ள இழுக்கற அந்த நேரத்தை அவங்க மிசு-ஹிகின்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடியும் ஆகாது, பின்னாடியும் ஆகாது. 9 வயசு குழந்தைக்கு அந்த காத்திருப்புதான் கஷ்டம், ஆனா கூட நீங்க இருந்தா நல்லாவே செய்வா.

நீலத்தாள்:
அக்கா, முதல்ல உங்க கடைசி கேள்வி. நீல போட்டோவை சுண்ணாம்பு மேல பதிக்கவே பதிக்காதீங்க, ஆசை நல்ல ஆசைதான் ஆனா போயிடும். அந்த நீலம் பிரஷ்யன் ப்ளூ, ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட பெரிய அலை படத்துல இருக்கே அதே நீலம். அதுக்கு காரம்தான் எதிரி. சோடா உப்பு கரைச்ச தண்ணில போட்டா கூட நீலம் வெளுத்து மஞ்சளா ஆயிடும், ஈர சுண்ணாம்புல சொல்லவே வேண்டாம். நான் துணில பிரிண்ட் பண்ணதை தெரியாம சாதாரண வாஷிங் பவுடர் போட்டு துவைச்சு பார்த்து பார்த்து எடுத்த இலை எல்லாம் போச்சு, இன்னிக்கும் மனசு கேக்கல. பேப்பர்லயே கூட சுண்ணாம்பு மாவு கலந்து செய்யற வகை உண்டு, அதுலயும் நீலம் சரியா வராது.

சயனோடைப் குழந்தைக்கு ரொம்ப சுலபம், அதுக்காக ஒர்க்‌ஷாப்பே வேண்டாம், மருந்து தடவின ரெடி பேப்பர் கிட் வாங்கிக்கோங்க. ஆகஸ்ட் உச்சி வெயில்ல அஞ்சு பத்து நிமிஷம் போதும். மழைக்காலம்னா மணிக்கணக்குல நிக்கணும். நான் ஒரு தடவை மரத்துல சிள்வண்டு கழட்டி விட்டுட்டு போன தோலை வெச்சேன், பேப்பரை தொட்ட கால் நுனி மட்டும் ஊசி மாதிரி வந்துது, தூக்கி நின்ன உடம்பு புகை மாதிரி, தோல் மெலிசுங்கறதால உள்ள வெளிச்சம் போய் முதுகு பொளந்த கோடு கூட தெரிஞ்சுது. அதனால தட்டையா ஒட்டி உக்கார்ற பொருளும் வெளிச்சம் கொஞ்சம் விடற பொருளும் கலந்து வைங்க. கழுவும்போது தண்ணில மஞ்சள் கரைஞ்சு போற வரைக்கும் விடணும், நீலம் முழுசா ஏற ஒரு நாள் ஆகும்.

கொத்தனார்_பேரன்:
எங்க தாத்தா கோபுரத்துல சுதை வேலை பார்த்தவர், அதனால இந்த பேச்சை பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. நம்ம ஊர்ல கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லமும் கலப்பாங்க, அங்க கடல்பாசியை காய்ச்சி எடுத்த பசையும் சணல் நாரும் கலக்கறாங்க. அந்த சுண்ணாம்புக் கலவைக்கு பேரு சிக்குய். நார் வெடிப்பை தடுக்கும், பாசி தண்ணியை சட்டுனு விடாம புடிச்சு வெச்சுக்கும், மேல சொன்ன அந்த நேரம் கிடைக்கறதே பாசியாலதான்.

தங்கச்சி, புக் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க, அது சிக்குயா செக்கோவான்னு. செக்கோன்னா பொம்மை அச்சு ஊத்தற ஜிப்சம், சீக்கிரம் இறுகிடும். சிக்குய் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெதுவா கல்லாகும். நான் ஒரு இடத்துல கேக்காம காசு கட்டிட்டு போய் ஜிப்சம் கரைச்சு குடுத்தாங்க, வருத்தமா போச்சு. அப்புறம் ஈர சுண்ணாம்பு தோலை அரிக்கும், பொண்ணுக்கு கையுறை கட்டாயம், கண்ணாடியும் போட்டு விடுங்க. கண்ணுல தெறிச்சா தேய்க்கவே கூடாது, நல்ல தண்ணில ரொம்ப நேரம் கழுவிட்டு உடனே டாக்டர். பலகைல நீலம் வேணும்னா அல்ட்ராமரின் பொடி கலக்க சொல்லுங்க, அது சுண்ணாம்பை தாங்கும்.

நீலத்தாள்:
அண்ணன் கடல்பாசி சொன்னதும் ஒண்ணு தோணுது. சயனோடைப்ல முதல் புத்தகம் போட்ட அன்னா அட்கின்ஸ்ங்கற இங்கிலாந்து அம்மா 1843ல பதிச்சதும் கடல்பாசியேதான். மட்சுசாகி கடற்கரை ஊரு. கிட்டை அங்கயே கொண்டு போங்க அக்கா.

நிஷிகசாய்_அம்மா:
ஐயோ, இது எனக்கு தோணவே இல்ல! அப்போ ரெண்டும் ஒரே பயணத்துல. முதல் நாள் பலகை, மறுநாள் கடற்கரைல பாசி போட்டோ. ரெண்டையும் ஒட்டாம பக்கத்துல பக்கத்துல தனித்தனி ஃப்ரேம்ல போட்டு அம்மாகிட்ட குடுக்கறேன். ரொம்ப நன்றி எல்லாருக்கும். பலகையை அன்னிக்கே எடுத்துட்டு வரலாமா?

இசு_பஸ்:
அன்னிக்கு ஈரமா இருக்கும், படுக்க வெச்சபடியே கொண்டு வாங்க, ஏசி காத்து நேரா படாத இடத்துல வைங்க, சீக்கிரம் காய்ஞ்சா வெடிக்கும். பாசி கரை ஒதுங்கினதை மட்டும் எடுங்க, பாறைல இருக்கறதை பிடுங்கிடாதீங்க, அதுக்கு மீனவர் சங்கத்துக்கு உரிமை உண்டு. நல்ல தண்ணில அலசி, துணில ஒத்தி எடுத்துட்டு பேப்பர்ல வைங்க, ஈரம் இருந்தா அந்த இடம் திட்டு திட்டா ஆயிடும்.