ஸ்டென்ட் வைத்தவருக்குப் பல் பிடுங்க, குளோபிடோக்ரலை நிறுத்தலாமா?

கேள்வி (மஸ்கெலியா):
அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, கண்டியில் மணிக்கட்டு வழியாக மருந்து பூசிய ஸ்டென்ட் (இருதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலைக் குழாய்) வைத்து இரண்டு மாதம். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரல் 75 மி.கி. குடிக்கிறார். கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். இரத்தம் நிற்காது, ஐந்து நாள் குளோபிடோக்ரலை நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கிளினிக் திகதிக்கு முன்பே குளிசையும் முடிந்துவிடும் போலிருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டென்டின் கம்பிகளை இரத்தக்குழாயின் உட்தோல் மூடி வளர மாதக்கணக்காகும். அதுவரை கம்பி வெறுமனே இருக்கும். குளிசையை விட்டால் அதில் இரத்தம் உறைந்து குழாய் ஒரேயடியாக அடைபடலாம். அது உயிரைக் கொண்டுபோகும் அடைப்பு. பல் குழியில் வரும் இரத்தம் அப்படியல்ல: தையல் போட்டு, மடித்த கோஸ் துணியை 30 நிமிடம் விடாமல் கடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம் இரண்டு குளிசையும் வேண்டும். பல்லைத் தள்ளிப்போட முடியுமா என்று இருதய கிளினிக்கில் கேளுங்கள். முடியாவிட்டால் காலை நேரத்தில், ஒரு பல் மட்டும்.

பதில் 2:
வலிக்கு பரசிட்டமோல் போதும். டைக்ளோபெனக், இபுபுரோபன் கூடாது, இரத்தக்கசிவு கூடும். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோலும் வேண்டாம். குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். அதற்குப் பதிலாகப் பென்டப்ரசோல் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குளிசை முடிய ஒரு கிழமைக்கு முன்பே கிளினிக் கொப்பியோடும் டயக்னோசிஸ் கார்டோடும் (ஆஸ்பத்திரியில் தந்த நோய் விவர அட்டை) பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தால் தோட்டத்து லொறிக்குக் காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.