தொண்டை எலும்பு இரண்டு இனம் என்கிறது, டிஎன்ஏ ஒன்று என்கிறது: எதை நம்புவது?

செதில்:
வணக்கம். ஒரே ஆற்றின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பிடித்த கெண்டைகளை வகைப்படுத்திக்கிட்டு இருக்கேன். செதில் வரிசை, துடுப்புக் கதிர் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகுது. ஆனா எலும்பைச் சிவப்பாக்குற அலிசரின் சாயம் ஏத்திப் பார்த்தா, கீழ்ப்பகுதி மீன்களுக்குப் பல் தாங்குற தொண்டை எலும்பு தடிச்சு, பல் கடைவாய்ப்பல் மாதிரி தட்டையா இருக்கு. மேற்பகுதி மீன்களுக்கு எலும்பு மெலிசு, பல் நுனி கொக்கியா வளைஞ்சிருக்கு. இனத்தை அடையாளம் காணப் பயன்படுத்துற சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் (டிஎன்ஏ பார்கோடு) வித்தியாசம் 0.3% கூட வரல. 2% தாண்டினாத்தான் தனி இனம்னு சொல்றாங்க. ரெண்டு இனம்னு எழுதலாமா?

நீரோடை:
அந்த 2% ஒரு கைக்கணக்குதான், சட்டம் இல்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் சிக்லிட் மீன் இனங்கள் மிகச் சமீபத்தில் பிரிந்தவை, அவற்றில் பலவற்றைச் சிஓஐ பிரித்துக் காட்டாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால், என்றோ கலப்பு நடந்திருந்தால் ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா இன்னொன்றில் தங்கிவிடும். அதனால் உட்கரு டிஎன்ஏவையும் பாருங்க. ஆர்ஏஜி-1 மெதுவா மாறும் மரபணு, நெருங்கிய இனங்களுக்குப் போதாது. எஸ்7 இன்ட்ரான் (எஸ்7 என்ற உட்கரு மரபணுவில் புரதமாக மாறாத, வேகமா மாறும் பகுதி) முயற்சி பண்ணலாம். ஒண்ணு கேட்கணும்: எலும்பு பார்த்த அதே மீன்லதான் டிஎன்ஏ எடுத்தீங்களா?

செதில்:
ஆமாங்க, அதே மீன்கள்தான். துடுப்பில் ஒரு துண்டு வெட்டி எத்தனால்ல போட்ட பிறகுதான் உடலை ஃபார்மலின்ல வச்சேன்.

முள்ளெலும்பு:
அப்போ சந்தேகம் எலும்புப் பக்கம் திரும்புது. நீங்க நம்பியிருக்கிறது இரையை நசுக்குகிற எலும்பு. உடம்பிலேயே உணவுக்கு ஏத்தபடி அதிகமா மாறுற பாகங்கள்ல அது ஒண்ணு. ஆப்பிரிக்காவின் அஸ்டாடோரியோகுரோமிஸ் அலுவாடி என்ற சிக்லிட்டுக்கு நத்தை கொடுத்து வளர்த்தால் தொண்டைத் தாடை தடிக்கும், மென்மையான இரை கொடுத்தால் மெலிசாகவே நிற்கும். மெக்சிகோவின் குவாட்ரோ சியெனகாஸில் வாழும் ஹெரிக்திஸ் மின்க்லேயியில் தட்டைப் பல், கூர்ப்பல் என இரு வடிவங்களும் ஒரே இனத்துக்குள் இருக்கு.

குடலைத் திறந்து பாருங்க. உணவால் வந்த மாற்றம்னா குஞ்சுகள்ல இருக்காது, அதனால சின்ன மீன்களைத் தனியா ஒப்பிடுங்க. பிறகு இரையோடு நேரடித் தொடர்பில்லாத இடங்களுக்குப் போங்க: வெபர் எலும்புகள் (காற்றுப்பையிலிருந்து காதுக்கு ஒலி கடத்துற சிறு எலும்புகள்), வால் எலும்புத் தொகுதி, முதுகுத்துடுப்பின் கடைசிக் கிளையற்ற கதிர் வழவழப்பா, ரம்பப் பல்லுள்ளதா என்று. 2012இல் புன்டியஸ் என்ற கெண்டைப் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தபோதும் இந்தக் கதிரைக் கணக்கில் எடுத்தாங்க. முள்ளெலும்பு எண்ணிக்கையில் ஒண்ணு கூடக்குறைய இருந்தா அவசரப்படாதீங்க. முட்டை வளரும் நீரின் வெப்பமே அதை மாற்றும்.

செதில்:
பார்த்தாச்சு. கீழ்ப்பகுதி மீன்களின் குடலில் நத்தை ஓட்டுத் துணுக்குகள் நிறைய. 3 செ.மீ.க்குக் கீழுள்ள குஞ்சுகளுக்கு ரெண்டு பகுதியிலும் ஒரே கொக்கிப் பல்தான். கதிர், வெபர் எலும்பு எதிலும் பேதம் இல்லை. எஸ்7லயும் ரெண்டு குழுவாப் பிரியல.

முள்ளெலும்பு:
அப்படின்னா புதுப் பெயர் வேண்டாம். ஒரே இனம், உணவால் வந்த இரு வடிவம்னு எழுதுங்க. அதுவும் நல்ல கண்டுபிடிப்புதான், குறைவா நினைக்காதீங்க. உறுதியாச் சொல்லணும்னா மேற்பகுதிக் குஞ்சுகளை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு நத்தை கொடுத்து வளர்த்துப் பாருங்க.

செதில்:
செய்றேங்க, நன்றி. குஞ்சுகள்ல எலும்புச் சிவப்பு சரியாப் பிடிக்கலையே, ஏன்?

முள்ளெலும்பு:
குருத்தெலும்புக்கு ஆல்சியன் புளூ போட்டிருப்பீங்க. அந்தக் கரைசலில் அசிட்டிக் அமிலம் உண்டு, மெல்லிய எலும்பின் சுண்ணாம்பைக் கரைச்சிடும். சில குஞ்சுகளுக்கு நீலத்தை விட்டுட்டு, அலிசரின் மட்டும் ஏத்துங்க.