புதுப்பிப்பு: அப்பாவோட காணி பிரச்சினை, கோர்ட்டுக்கு போகல

அப்பா ஈபீஎஃப் (வேலை செஞ்ச காலத்து சேமலாப நிதி) காசுல பண்டாரவளையில வாங்குன 12 பேர்ச் காணியால அண்ணனும் நானும் ஒன்றரை வருஷமா பேசுறதில்ல, கேஸ் போடவான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல. போடல, மத்தியஸ்த சபைக்கு போனோம், அதாவது கோர்ட்டுக்கு போகாம பேசித் தீர்த்துக்க இலங்கையில இருக்கிற சபை. 1988 சட்டத்துல வந்தது, மூணு பேர் உக்காந்து கேக்குறாங்க, லோயர் பேச முடியாது (எங்க லோயருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு), தீர்ப்புன்னு எதுவும் சொல்லமாட்டாங்க, நாமளே ஒத்துக்கிட்டாதான் உண்டு. முதல் நாள் அண்ணன் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டாவது நாள் அந்த மூணு பேர்ல ஒருத்தரான ரிட்டயர்ட் மாஸ்டர் "கடைசி காலத்துல அப்பாவுக்கு சோறு குடுத்தது யாரு தம்பி"ன்னு கேட்டாரு, அண்ணன் மெதுவா "தங்கச்சிதான்"னாரு, அதுக்கப்புறம் எனக்கு பேச்சே வரல. வீடு இருக்கிற பக்கம் எனக்கு, ரோட்டுப் பக்கம் 5 பேர்ச் அவருக்கு, கையெழுத்து போட்டாச்சு. சர்வே பண்ணி நொத்தாரிசுகிட்ட உறுதி (காணிப் பத்திரம்) எழுதுறதுதான் பாக்கி. வெளிய வந்து பிளேன்டீக்கு அண்ணன்தான் காசு குடுத்தாரு, சீனி கூடன்னு திட்டிக்கிட்டே.