பொங்கலுக்குள் பூக்க எதை விதைக்கலாம்?

ஊர் திருச்சி, களிமண் தரை. மதிலோரம் 12 அடிப் பாத்தியில் இருந்த செம்பருத்தி மூன்றும் மாவுப்பூச்சி தாக்கி ஆடியில் போய்விட்டன. நந்தியாவட்டைக்கும் இட்லிப்பூவுக்கும் நடுவே இப்போது பல் விழுந்த வாய் மாதிரி மூன்று பொக்கை. புதுச் செம்பருத்திக் குச்சிகள் வளர்ந்து அந்த இடத்தை அடைக்க ஒரு வருடமாவது ஆகும். அதுவரை ஒரு பருவப் பூச்செடி போதும்.

புரட்டாசியில் காசித்தும்பை விதைத்தேன். பத்தே நாளில் பச்சென்று எழுந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, அடித்தண்டு கண்ணாடி போலாகி, தொட்டதும் சாய்ந்தது. சரி என்று மண்ணை அரையடி மேடாக்கி மணலும் தொழுவுரமும் கலந்தேன். அப்புறம் வைத்த செண்டுமல்லி நாற்றை நத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடித்தது. (டார்ச்சும் வாளியுமாகப் பொறுக்கியதில் இப்போது நத்தை குறைவு.) பத்துமணிப்பூ படர்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு வேம்பின் நிழல்தான் காரணமாக இருக்கும். வெயில் காலை 7 முதல் 11 வரைதான்.

கார்த்திகை பிறந்துவிட்டது, பொங்கலுக்கு எட்டு வாரம் இருக்கிறது. கையில் ஜினியா, காஸ்மாஸ் விதைகள் உள்ளன. நான்கு மணி நேர வெயிலில் பொங்கலுக்குள் பூப்பது இவற்றில் எது, இரண்டும் தேறாது என்றால் வேறு எதை விதைக்கலாம்?