எரேமியா படிக்கிறேன்: சொன்னதைக் கேட்காததற்கு ஒரு நகரமே அழிய வேண்டுமா?

கேள்வி:
ஒரு மாதமாகத் தினமும் ஒரு அதிகாரம் என்று பைபிளில் எரேமியா புத்தகத்தைப் படித்து வருகிறேன். பட்டயம் (வாள்), பஞ்சம், கொள்ளைநோய் மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் பயமாக இருந்தது. இப்போது மனம் மரத்துப்போய்விட்டது, அதுதான் கவலையாக இருக்கிறது. அந்த ஜனங்கள் அப்படி என்னதான் செய்தார்கள்? விக்கிரக ஆராதனை என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் யாராவது விளக்குங்கள்.

பதில் 1:
34-ம் அதிகாரத்தை மட்டும் எடுத்து மெதுவாகப் படியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. யூதாவின் அரணான பட்டணங்களில் மிச்சம் லாகீசும் அசெக்காவும்தான். (லாகீஸ் மேட்டில் 1935-ல் தோண்டியபோது மையால் எழுதிய ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில், லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை என்று இருக்கிறது. அதை அறிந்த பிறகு இந்த அதிகாரத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை.)

கழுத்துக்குக் கத்தி வந்ததும் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் எபிரெய அடிமைகளை விடுவிப்பதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்கிறார்கள். கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே நடக்கிறார்கள். ஆறு வருஷம் வேலை, ஏழாம் வருஷம் விடுதலை என்பது மோசேயின் பிரமாணத்திலேயே இருந்ததுதான். அப்புறம் பார்வோனின் சேனை வருகிறது என்று கேட்டு கல்தேயர் (பாபிலோன் சேனைதான்) முற்றுகையை விட்டு நகர்கிறார்கள். இவர்களுக்கு மூச்சு வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? அனுப்பிவிட்ட அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துவந்து அடிமையாக்கினார்கள்!

நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகையால் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விடுதலையாக்குகிறேன் என்று தேவன் சொல்வது இதற்குத்தான். கீழ்ப்படியாமை என்று வாசிக்கும்போதெல்லாம், வாசலைத் தாண்டிப் போய் மறுபடி இழுத்துவரப்பட்ட ஒரு வேலைக்காரிதான் என் நினைவுக்கு வருகிறாள்.

பதில் 2:
சரி, பிரபுக்களுக்கு அது நியாயம். குழந்தைகளுக்கு? முற்றுகை சிதேக்கியாவின் 9-ம் வருஷம் தொடங்கி 11-ம் வருஷம் முடிகிறது. குழந்தையின் நாக்கு தாகத்தால் மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது என்கிறது புலம்பல் 4. அந்தக் குழந்தை எந்த உடன்படிக்கையை மீறியது? குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்கிறதே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் முடியவில்லை. ஓசியா 11-ல், எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று இஸ்ரவேல் ஜனங்களை நினைத்துத் தேவனே தவிக்கிறார். அந்தத் தவிப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு 34-ஐ மூன்று தடவை படித்தேன். குழந்தைகளைப் பற்றிய கேள்வி எனக்கும் அப்படியே நிற்கிறது. ஆனால் நிறுத்த மனமில்லாமல் 39 வரை போனேன். நகரம் விழுந்த பிறகு, 10-ம் வசனம்: ஒன்றுமில்லாத ஏழைகள் சிலரை பாபிலோன் தளபதி நேபுசராதான் யூதாவிலேயே விட்டு, அன்றைக்கே அவர்களுக்குத் திராட்சத்தோட்டங்களும் வயல்களும் கொடுத்தான். திரும்பப் பிடிக்கப்பட்ட அடிமைகள் அவர்களில் இருந்தார்களா என்று வசனம் சொல்லவில்லை. இருந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. இன்றைக்கு 40-ம் அதிகாரம்.